முட்டம் முதல் ஆலப்புழை வரை: கலங்கரை விளக்கங்களில் ஏறிப் பார்க்க ஒரு வழிகாட்டி

முட்டம், விழிஞ்ஞம், அஞ்சுதெங்கு, தங்கசேரி, ஆலப்புழை. நாகர்கோவிலில் தொடங்கிக் கடலோரமாகவே வடமேற்கே போனால் இந்த ஐந்து இடங்களிலும் கலங்கரை விளக்கத்தின் உச்சிவரை ஏறிப் பார்க்கலாம். ரயில் பாதையில் மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர். செலவும் அதிகமில்லை. சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: கதவு திறந்திருக்கும் நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். கடல் எப்போதும் இருக்கும், கதவு அப்படியில்லை. இணையத்தில் ஒரு பக்கத்தில் ஒரு நேரம் போட்டிருக்கும், வாசல் பலகையில் வேறொன்று இருக்கும். அந்த அலைச்சலை நானும் பட்டேன். நீங்களும் படத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

இவை அருங்காட்சியகங்கள் இல்லை, இன்றும் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் வழிகாட்டும் விளக்குகள். மத்திய அரசின் துறைமுக அமைச்சகத்துக்குக் கீழே வரும் கலங்கரை விளக்கங்கள் இயக்குநரகம் இவற்றைப் பராமரிக்கிறது. பொழுது சாயும்போது விளக்கு எரிய வேண்டும், அதனால் அதற்கு முன்பே பார்வையாளர்களை இறக்கிவிடுவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் பல விஷயங்களுக்குக் காரணம் கேட்க வேண்டியிருக்காது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். தென்மேற்குப் பருவமழை நேராக இந்தக் கரையில்தான் வந்து மோதும். கடல் அழகாகத்தான் இருக்கும், ஆனால் காற்றும் மழையும் இருக்கும் நாளில் மேல்மாடத்துக்கு விடமாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் காலையில் வெயில் அடித்தாலும் பிற்பகலில் இடிமழை வரும். மின்னல் வெட்டும்போது கடலோரத்தில் ஓங்கி நிற்கும் கோபுரத்தில் யாரும் இருக்கக் கூடாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். கொல்லம் பக்கம் போகும் ரயில்களில் இடம் கிடைக்காது, கன்னியாகுமரியிலும் நாகர்கோவிலிலும் அறை வாடகை ஏறிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கோவளமும் வர்க்கலையும் நிரம்பி வழியும். ஆகவே மகரவிளக்கு முடிந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடியும்வரை போங்கள். அந்த இடைவெளியிலும் ஒரு தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: திருவனந்தபுரத்தில் ஆற்றுகால் பொங்கல். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அன்று நகரத்துச் சாலையெல்லாம் அடுப்புதான், வண்டி நகராது. பொங்கல் பார்க்கவே போகிறவர்களுக்கு அது பெரிய நாள். கலங்கரை விளக்கம் பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

2. திங்கட்கிழமையைத் திட்டத்திலிருந்து நீக்குங்கள்

சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்கும் கலங்கரை விளக்கங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். சனி, ஞாயிறோடு திங்களுக்கும் விடுப்பு போட்டு மூன்று நாள் பயணமாகக் கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். செவ்வாயில் தொடங்கி சனியில் முடியுங்கள்.

அடுத்தது நேரம். காலையில் ஒரு வேளை, மதியச் சாப்பாட்டுக்கு மூடல், பிற்பகலில் ஒரு வேளை என்றுதான் நடைமுறை. காலை 10 மணிக்கு முன்னால் போய் நிற்பதிலும், மதியம் 1 மணியை ஒட்டிப் போவதிலும் பயனில்லை. மாலையில் கதவு மூடுவதற்கு அரை மணி நேரம் முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடலாம். எனவே பாதுகாப்பான நேரம் இரண்டு: காலை பத்தரை, மாலை மூன்று. இந்த இரண்டையும் வைத்து மற்றதைப் பொருத்துங்கள். மேலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம், அதற்குள் கீழே அனுப்பிவிடுவார்கள். அஸ்தமனத்தைக் கீழே பாறையிலோ மணலிலோ நின்று பார்க்கத் திட்டமிடுங்கள்.

முந்தைய நாள் மாலை, தங்கும் விடுதியில் கேட்டு நாளை திறந்திருக்குமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பராமரிப்பு, பாதுகாப்பு ஒத்திகை, முக்கியப் பிரமுகர் வருகை என்று திடீரென மூடுவது உண்டு. கேரளத்தில் ஹர்த்தால் அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பஸ், ஆட்டோ எதையும் நம்ப முடியாது.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

படத்துடன் கூடிய அசல் அடையாள அட்டை ஒன்று ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஆதார் போதும். வாசலில் கேட்காமல் போகலாம், ஆனால் விடுதியில் கட்டாயம் கேட்பார்கள், ரயிலிலும் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர்கள் கூட வந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டும் விசாவும் அசலாக வேண்டும். வெளிநாட்டவர் தங்குவதை விடுதிக்காரர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், எல்லா விடுதிகளிலும் அவர்களுக்கு அறை தருவதில்லை. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கலங்கரை விளக்கத்திலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்.

ட்ரோன் எடுத்துப்போக வேண்டாம். விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்துவிட்டது, திருவனந்தபுரம் விமான நிலையமும் பக்கத்தில். அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் காவல் நிலையத்தில்தான் அந்த நாள் முடியும்.

4. பணம்

நுழைவுக் கட்டணம் ஆளுக்குச் சில பத்து ரூபாய்தான். சிறுவர்களுக்குக் குறைவு. கேமராவுக்குத் தனி டிக்கெட், வீடியோவுக்கு அதைவிடக் கூடுதல். கட்டணத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், வாசல் பலகையில் இருப்பதே கணக்கு. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஒரு ஐந்நூறு ரூபாய் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னல் கிடைக்காத இடத்தில் செயலியில் பணம் அனுப்ப முயன்று நேரத்தை இழப்பதைவிட இது மேல்.

இரண்டு பேர், ஐந்து பகல், நான்கு இரவு என்று வைத்துக்கொண்டால் என் கணக்கு இப்படி: சாதாரண அறை இரவுக்கு 1,500 வீதம் 6,000. சாப்பாடு 5,000. ஆட்டோ, பஸ் 2,500. இடையில் உள்ள ரயில்கள், நுழைவுக் கட்டணங்கள் சேர்த்து 1,000. சென்னையிலிருந்து போக, வர ஸ்லீப்பர் வகுப்பு இருவருக்கும் 2,000 அளவில் வரும். ஆக, 16,500 ரூபாய் கையில் இருந்தால் நெருக்கடி இல்லாமல் போய் வரலாம். கோவளத்தில் கடலைப் பார்த்த அறை வேண்டும் என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

கேரளத்தில் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய். நகர எல்லையைத் தாண்டினால் வண்டி காலியாகத் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். அதைவிட, போய்க் காத்திருந்து திரும்பக் கூட்டிவர எவ்வளவு என்று பேசிவிடுங்கள். அஞ்சுதெங்கு மாதிரி இடத்தில் திரும்பி வர வண்டி தேடி நிற்பது பெரிய தலைவலி.

5. ரயில் டிக்கெட்

முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். பழைய நினைப்பில் நான்கு மாதம் முன்பே தேட வேண்டாம். தட்கலில் எடுக்க நினைப்பவர்கள் ஐஆர்சிடிசி கணக்கை ஆதாருடன் முன்பே இணைத்து வைக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அது கட்டாயம். கடைசி நிமிடத்தில் ஓடிபி வரவில்லை என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போகும்போது நாகர்கோவில் வரை, திரும்பும்போது ஆலப்புழையிலிருந்து. இந்த இரண்டு டிக்கெட்டுகளை மட்டும் முன்பதிவு செய்யுங்கள். இடையில் உள்ளவை எல்லாம் சிறு தூரங்கள், முன்பதிவு இல்லாத டிக்கெட்டே போதும். செல்பேசியில் எடுக்கலாம்.

நாகர்கோவிலில் இரண்டு நிலையங்கள் உண்டு: ஜங்ஷன், டவுன். சில ரயில்கள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாக நேரே திருவனந்தபுரம் போய்விடும். டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் கிளம்பும்போதும் இதே கவனம் வேண்டும்.

6. செவ்வாய்: முட்டம்

காலையில் நாகர்கோவில் வந்து, அறை எடுத்து, சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மதியம் ஒன்றரைக்கு மேல் கிளம்பினால் போதும். வெளியூர்ப் பேருந்துகள் வடசேரியிலிருந்து கிளம்பும், உள்ளூர்ப் பேருந்துகளுக்கு மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையம். முட்டம் சுமார் 16 கிலோமீட்டர். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பேருந்து ஊருக்குள் நிற்கும், அங்கிருந்து விளக்கம் இருக்கும் மேட்டுக்கு நடக்கலாம். ஏறும்போதே நடத்துநரிடம் ‘லைட் ஹவுஸ் ஸ்டாப்’ என்று சொல்லிவிடுங்கள்.

இந்த ஐந்தில் எனக்கு மிகப் பிடித்தது முட்டம்தான். மற்ற இடங்களில் கோபுரம் உயரம், இங்கே நிலமே உயரம். கோபுரம் சிறியது என்பதால் ஏறுவது எளிது, வயதானவர்களும் மெதுவாக ஏறிவிடலாம். மேலே போனால் ஒரு பக்கம் கருத்த பாறைகளில் அலை உடைவதும், மறுபக்கம் தென்னந்தோப்பும் செம்மண் மேடுகளும் தேவாலயக் கோபுரமும் தெரியும். தமிழ்நாட்டுக் கடற்கரை என்றால் மணல்தான் என்று நினைத்திருப்பவர்கள் இங்கே ஒரு மணி நேரமாவது இருக்க வேண்டும். காற்று பலமாக அடிக்கும். தொப்பி, துப்பட்டா, கண்ணாடி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். செல்பேசியைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டிப் படமெடுக்காதீர்கள்.

பாறைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விளக்கத்திலிருந்து இறங்கியதும் எல்லோரும் நேராகப் பாறைக்குத்தான் போவார்கள். அலை படும் பாறையில் பாசி இருக்கும், உலர்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கும். அதைவிட ஆபத்தானது கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலால் எழும் பேரலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென வந்து கரையேறும். 2024 மே 6-ஆம் தேதி, முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களுக்குக் கடல் சீற்ற எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் வெளியிடுகிறது. காலையில் ஒரு முறை அதைப் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரையாவது, “அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். அவர் இறங்காதீர்கள் என்றால் இறங்காதீர்கள். ஈரமான பாறைக்கும் உங்களுக்கும் இடையில் எப்போதும் உலர்ந்த பாறை நிறையவே இருக்கட்டும். கடலுக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்க நிற்க வேண்டாம்.

இருட்டிய பிறகு பேருந்துகள் குறையும். அஸ்தமனம் பார்த்துவிட்டு நாகர்கோவில் திரும்புகிறவர்கள் கடைசிப் பேருந்து நேரத்தை வரும்போதே கேட்டு வையுங்கள்.

7. புதன்: விழிஞ்ஞம்

கோவளம் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். கோவளத்தின் தெற்கு முனையில், லைட் ஹவுஸ் பீச் என்ற பெயருக்கே காரணமாக நிற்கும் சிவப்பு வெள்ளைக் கோபுரம்தான் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம். 36 மீட்டர் உயரம், 1972-இல் கட்டியது.

காலை ரயிலில் திருவனந்தபுரம் சென்ட்ரல் வந்து பெரிய பைகளை நிலையத்தின் பொருள் காப்பறையில் வைத்துவிடலாம். பைக்குப் பூட்டு இருக்க வேண்டும், ரயில் டிக்கெட்டையும் காட்ட வேண்டும். பூட்டு இல்லாத பையை வாங்கமாட்டார்கள், அதனால் வீட்டிலிருந்தே இரண்டு சின்னப் பூட்டுகள் கொண்டுபோங்கள். கோவளம் பேருந்து ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தம்பானூர் நிலையத்திலிருந்து கிளம்பும் என்று நினைத்துப் பலரும் அங்கே காத்திருப்பார்கள். நகரப் பேருந்துகளுக்கு ‘கிழக்கே கோட்டை’ (ஈஸ்ட் ஃபோர்ட்) என்ற இடத்துக்குப் போக வேண்டும், நடக்கிற தூரம்தான். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் திருவனந்தபுரம் வரை போகாமல் பாலராமபுரத்தில் இறங்கி விழிஞ்ஞம் போவது சுருக்கு வழி.

இங்கே கூட்டம் அதிகம். விடுமுறை நாளில் மேலே இடம் காலியாகும்வரை கீழே நிறுத்தி வைப்பார்கள். புதன்கிழமையில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேலிருந்து ஒரு பக்கம் கோவளத்தின் வளைந்த மணல்கரை, மறுபக்கம் விழிஞ்ஞம் மீன்பிடித் துறையும் பள்ளிவாசலும், அதற்கப்பால் புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் தெரியும்.

8. வியாழன்: அஞ்சுதெங்கு

வழிகாட்டி நூல்களில் அதிகம் பேசப்படாத இடம். பக்கத்து ரயில் நிலையம் கடைக்காவூர். எல்லா விரைவு ரயில்களும் அங்கே நிற்காது, பயணிகள் ரயில் பார்த்து ஏறுங்கள். நிற்காத ரயிலில் வந்தால் வர்க்கலை சிவகிரியில் இறங்கி, 12 கிலோமீட்டர் தெற்கே ஆட்டோவில் வர வேண்டும். காத்திருந்து திரும்பக் கூட்டிவரும் ஏற்பாடு இங்கேதான் தேவை.

கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சிறு கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கோபுரத்தில் ஏற நிறையப் படிகள். சுழல் படிக்கட்டு என்பதால் எண்ணிக்கையைவிடத் தலைசுற்றல்தான் தொல்லை. சுவரோரமாக, படியின் அகலமான பக்கத்தில் காலை வைத்து ஏறுங்கள். முழங்கால் வலி, இதயநோய், உயரத்தைக் கண்டால் பயம் உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறவே வேண்டாம். கடைசியில் பால்கனிக்குப் போகும் துண்டு, பல கோபுரங்களில் செங்குத்தான இரும்பு ஏணிதான். இரண்டு கையும் காலியாக இருந்தால்தான் அதில் ஏற முடியும், இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்திருக்க வேண்டும். சேலை, வேட்டியைவிடச் சுடிதார், பேன்ட் வசதி. முதுகுப் பையைக் கீழே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரவு வர்க்கலையில் தங்குங்கள். செம்பாறைக் குன்று கடலோரமாகச் செங்குத்தாக நிற்பதைப் பார்க்கவே அங்கே ஒரு மாலை வேண்டும். குன்றின் விளிம்பு அவ்வப்போது சரியும், தடுப்பு இல்லாத இடத்தில் ஓரத்துக்குப் போகாதீர்கள்.

9. வெள்ளி: தங்கசேரி

வர்க்கலையிலிருந்து கொல்லம் ரயிலில் அரை மணி நேரம். கொல்லம் ஜங்ஷனிலிருந்து தங்கசேரி ஐந்து கிலோமீட்டர், நகரப் பேருந்தும் ஆட்டோவும் தாராளம். 1902-இல் கட்டிய 41 மீட்டர் கோபுரம். அடியிலேயே பாறைக்கரை, பக்கத்தில் போர்ச்சுக்கீசியர் கட்டிய கோட்டையின் மிச்சம். விழிஞ்ஞத்திலும் இங்கும் லிஃப்ட் உண்டு. ஆனால் அதை நம்பி வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள், இன்று ஓடுகிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள். டிக்கெட் கிழித்த பிறகு பணம் திரும்ப வராது.

காலை வேளையிலேயே இதை முடித்துவிட்டு, மதியம் மீன் சாப்பாடு, அப்புறம் ஆலப்புழைக்கு ரயில். இங்கேதான் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய பொறி. கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் போகும் ரயில்கள் காயங்குளத்தில் இரண்டு பாதைகளாகப் பிரியும். ஒன்று கோட்டயம் வழி, மற்றொன்று ஆலப்புழை வழி. எர்ணாகுளம் என்று போர்டு பார்த்து ஏறினால் பாதி ரயில்கள் உங்களைக் கோட்டயத்துக்குக் கொண்டுபோய்விடும். ஹரிப்பாடு, அம்பலப்புழை நிற்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

10. சனி: ஆலப்புழை

முந்தைய இரவே வந்து தங்கிவிடுவது முக்கியம். சென்னைக்கு நேரடி விரைவு ரயில் பிற்பகலில் கிளம்பும், அதனால் விளக்கத்தின் காலை வேளையைத் தவறவிட்டால் பிற்பகல் வேளைக்குக் காத்திருக்க முடியாது. நிலையமும் விளக்கமும் கடற்கரையும் பக்கம் பக்கமாக இருப்பதால் ஒரே ஆட்டோவில் முடியும். 1862-இல் எரியத் தொடங்கிய விளக்கு இது, இந்த வரிசையில் மிகப் பழையது. பாறை இல்லை, மணல்கரைதான். ஆனால் மேலிருந்து கடல், நகரம், கால்வாய்கள், தென்னைக் கடல் எல்லாம் ஒரே சுற்றில் தெரியும். லிஃப்ட் கிடையாது.

தெற்கே வர ஐந்து நாள் கிடைக்காதவர்கள் சென்னை மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் இதே விதிகளோடு ஒத்திகை பார்க்கலாம். மெரினாவில் லிஃப்டிலேயே மேலே போகலாம். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு வாங்கும் டிக்கெட் கலங்கரை விளக்கத்துக்குச் செல்லாது. இரண்டும் வேறு வேறு துறை, விளக்கத்துக்கு அதன் வாசலில் தனியாக வாங்க வேண்டும்.